பட்லர், ரிச்சர்ட்

பொழுதுபோக்கையும் உல்லாசப் பிரயாணத்தையும் சர்வகலாசாலை ஆராய்ச்சிக்குரிய விஷயங்களாக உயர்த்தியவர்களுள் முன்னணியில் வைத்து எண்ணத்தக்க பிரிட்டிஷ் புவியியல் அறிஞர். ஸ்காட்லாந்தின் மலைநாட்டையும் தீவுகளையும் ஆராய்ந்து, கிளாஸ்கோவில் டாக்டர் பட்டம் பெற்றவர். கனடாவின் மேற்கு ஒன்டாரியோ சர்வகலாசாலையில் நெடுங்காலம் போதித்தபின், சர்ரே, ஸ்ட்ராத்க்ளைடு சர்வகலாசாலைகளிலும் பேராசிரியராக விளங்கினார்.

இவர் கீர்த்திக்கு மூலகாரணம், 1980இல் கனடியப் புவியியல் சஞ்சிகையொன்றில் வெளியான கட்டுரையாகும். வியாபாரச் சரக்குகளுக்கு வகுக்கப்பட்ட ஆயுட்சக்கரக் கொள்கையைத் தழுவி, பிரயாணிகள் நாடும் ஸ்தலமொன்று, துணிந்த சிலர் மட்டுமே தேடிவரும் ஆரம்ப நிலையிலிருந்து, உள்ளூரார் ஈடுபாடு, விருத்தி, ஸ்திரநிலை ஆகியவற்றைக் கடந்து, தாங்கும் சக்தியின் எல்லையை எட்டியதும் தேக்கமுற்று, அதன்பின் க்ஷீணிக்கவோ புத்துயிர் பெறவோ கூடும் என்பதை ஒரு வளைகோட்டினால் அதில் விளக்கினார். எல்லா ஊர்களும் இவ்வரிசைக்கு அடங்குவதில்லை என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும், கடற்கரையும் கானகமும் எத்தனை பேர் வந்தாலும் குன்றா என்று நம்பியிருந்த திட்டக்காரர்களுக்கு, அவற்றின் அழிவை முன்னறிந்து தடுக்கும் கடமையை உணர்த்திய பெருமை இக்கட்டுரைக்கு உண்டு. இக்கொள்கை குறித்து இவர் பதிப்பித்த ஆய்வுத் தொகுப்பு 2006இல் இரு பாகங்களாக வெளிவந்தது.