தூளியா, கேரியரா? பால் கக்கும் பிள்ளையும் ஒரு பழைய சண்டையும்

எங்கள் இரண்டாவது பையனுக்கு மூணு மாசம் இருக்கும்போது ஆனைக்குட்டத்தில் அம்மாச்சி வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். குடித்த பாலில் பாதியைக் கக்கிவிடுவான். எடை கூடுகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். சண்டை வேறு இடத்தில் வந்தது. பேபி கேரியரில் நெஞ்சோடு கட்டிக்கொள்ளலாம் என்றாள் மனைவி. "பச்சப் பிள்ளைய மூட்டை மாதிரியா கட்டுவாக? தூளியில போடு தாயி. கக்குற பிள்ளை தக்கும்" என்றார் அம்மாச்சி.

யார் சொல்வது சரி என்று அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன்.

பழமொழி பெரும்பாலும் சரிதான். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை சிறு பிள்ளைகளுக்கு அடிக்கடி தளர்ந்து திறந்துகொள்ளும். உள்ளே இருப்பதோ வெறும் பால், பிள்ளையோ எந்நேரமும் படுத்தே கிடக்கிறது. ஒரு வயது, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். (எடை கூடவில்லை, பச்சையாகவோ ரத்தத்தோடோ கக்குகிறது, பீய்ச்சி அடிக்கிறது என்றால் பழமொழியை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.)

தூளி விஷயம்தான் வேறு. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். கையால் செய்யும் வேலைகள் சுற்றுக் கிராமங்களின் வீடுகளுக்குள்ளும் வந்தன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பறை வேண்டும் என்றது. முதலில் 50 பேருக்கு மேல் என்றிருந்தது, 1976 திருத்தத்தில் 30 ஆனது. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுகிற பெண்ணுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? அம்மாச்சிக்கு உத்தரத்தில் தொங்கிய சேலைதான் காப்பறை. இரண்டு கையிலும் பசை, தூளிக் கயிறு கால் பெருவிரலில். ஆக, தூளி கக்கலுக்கு வைத்தியமாக வந்ததல்ல. அம்மாவின் கைகளை வேலைக்கு விடுவிக்க வந்தது.

துணியில் பிள்ளையைக் கட்டிச் சுமப்பதும் நம் ஊருக்குப் புதுசில்லை. நரிக்குறவர் பெண்கள் தோளில் கட்டிய துணியில் பிள்ளையோடு ஊர் ஊராகப் போவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அம்மாச்சி 'மூட்டை' என்று சொன்னதில் அந்த ஏளனமும் கொஞ்சம் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன். அதே வழக்கத்தை ஆன் மூர் என்ற அமெரிக்க நர்ஸ் 1960களில் டோகோ நாட்டில் பார்த்தார். ஊர் திரும்பித் தன் மகளுக்காகப் பை போல ஒன்று தைக்கவைத்து, 1969இல் காப்புரிமையும் வாங்கினார். 'ஸ்னக்லி' என்று அது கடைக்கு வந்தது. இப்போது பேரன் பேத்திகளுக்கு நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

கக்கலுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது போகோட்டா கதை. 1970களின் இறுதியில் அங்கே இன்குபேட்டர் போதாமல், எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக, நிமிர்த்தியபடி கட்டிவைத்தார். கங்காரு முறை என்கிறோமே, அதுதான். நிமிர்ந்த நிலைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது என்பது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1983இல் ஓரன்ஸ்டீன் குழு, கக்கும் பிள்ளைகளைச் சாய்ந்த இருக்கையில் உட்காரவைத்து அளந்தது. குப்புறப் படுத்தபோது இருந்ததைவிட இருக்கையில்தான் அதிகமாக மேலேறியது. (அதற்காகக் குப்புறத் தூங்கவைக்கக் கூடாது. திடீர் மரண ஆபத்து உண்டு, தூக்கம் மல்லாந்துதான்.) இடுப்பு மடங்கி வயிறு அமுங்குவது ஆகாது போல. தூளியிலும் பிள்ளை அப்படித்தான் வளைந்து கிடக்கிறது, சமயத்தில் நாடியும் நெஞ்சில் படும். இறுக்கிக் கட்டின கேரியரும் வயிற்றை அமுக்கத்தான் செய்யும். ஆகத் துணி எது என்பதைவிட உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

நாங்கள் செய்தது: பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் எடுத்துவிட்டு, கேரியரில் வயிற்றுப் பக்கம் தளர்த்தி, முகம் தெரிகிற மாதிரி அரைமணி நேரம் நிமிர்த்தி வைத்திருப்போம். கக்கல் நிற்கவில்லை, குறைந்தது. ஒன்பதாவது மாதத்தில் தானாக நின்றது.

கிளம்புகிற அன்று அம்மாச்சியிடம், எங்க அம்மா கக்கினப்ப என்ன செஞ்சீக என்று கேட்டேன். "தோள்ல போட்டுக்கிட்டு வாசலுக்கும் தெருமுக்குக்கும் நடப்பேன். அப்புறந்தான் தூளி" என்றார்.

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.