பேல் ஏலும் பனங்கள்ளும்

அண்மையில் கல்குடா சென்றிருந்தபோது, பாசிக்குடாவின் உல்லாச விடுதியொன்றில் உணவுப் பட்டியலைப் புரட்டினேன். பொரித்த இறாலுக்கு நேரே, அதற்கு இசைந்த பானமாகப் 'பேல் ஏல்' என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த ஒரு வரி என்னைப் பழைய வரலாற்றுக்கு இட்டுச் சென்றது.

பேல் ஏல் என்பது வெளிர்நிறப் பியர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் மதுவடிப்பாளர் ஜோர்ஜ் ஹொட்சன், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இவ்வகைப் பியரை இந்தியாவுக்கு அனுப்பினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் பல மாதப் பயணத்தில் அது கெடாதிருக்க, கசப்பான ஹொப் பூக்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. இந்தியாவுக்கென்றே புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்பது பிற்காலக் கதை. வெளிர்நிற ஏல் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. 1820களில் பேர்ட்டன் நகரத்து ஓல்சொப் நிறுவனம் போட்டிக்கு வந்தது. அதே நூற்றாண்டில் நமது நுவரெலியாவிலும் பியர் வடிக்கத் தொடங்கினார்கள்.

ஹொப்பின் கசப்பும் நுரையும் எண்ணெய்ப் பிசுக்கை நாவிலிருந்து கழுவிவிடும். ஆகவே பொரித்த இறாலுக்கு அது பொருத்தமே. ஆனால் கசப்பும் மதுவும் மிளகாயின் உறைப்பைத் தூண்டிவிடும். மட்டக்களப்பு நண்டுக் கறியோடு கசப்பு மிகுந்த ஏலை அருந்துபவர் கண்ணீர் விடுவார். உறைப்பைத் தணிப்பது இனிப்பு. இனிப்பும் புளிப்பும் கலந்த புதுக் கள் அங்கேதான் வெல்கிறது.

இது நம் முன்னோர் அறியாததன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் சுட்ட இறாலைத் தின்றவர்களையும், நிறைமதி நாளில் கடலுக்குச் செல்லாமல் பனங்கள் அருந்திய பரதவரையும் பட்டினப்பாலை சொல்கிறது. இன்றைய இலங்கையில் அதே நிறைமதி நாளான போயா தினத்தில் மது விற்பனைக்குத் தடை!

மதுவின் கேட்டை நான் மறுக்கவில்லை. 2017இல் கல்குடாப் பகுதியில் எரிசாராயத் தொழிற்சாலை அமைவதை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். அங்கே செய்தி சேகரிக்கச் சென்ற செய்தியாளர்கள் தாக்கப்பட்டார்கள். குடியால் சிதைந்த குடும்பங்களைக் கண்ட மக்களின் அச்சம் நியாயமானது.

ஆயினும் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. கள்ளின் வலு பெரும்பாலும் பியரின் வலுவே. பியர் குடிப்பவர் நாகரிகர், தவறணைக்குப் போகிறவர் கீழானவர் என்று நாம் பிரித்தது எதனால்? மரமேறிக் கள் இறக்கும் மக்கள்மீது நாம் சுமத்திய சாதி இழிவு அந்தப் பானத்திலும் ஒட்டிக்கொண்டது என்பதே என் எண்ணம்.

அன்று பியர் வேண்டாமென்றேன். கள் கிடைக்குமா என்று பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஐயா, அதெல்லாம் இங்க வைக்க மாட்டாங்க" என்றார், மெல்லிய குரலில்.