ஊமை மணி

மகளோடு நாட்றாம்பாளையம் வந்த பிறகு என் வலது கை கொடிக்கயிறு வரைகூட எழும்பவில்லை. ஓசூரில் பார்த்த பிசியோதெரபிஸ்ட் ஒரு கிலோ டம்பெல்லைக் கொடுத்து, "முழங்கையை லேசா மடக்கி, முன்பக்கமா தோள் உயரம் வரைக்கும் தூக்குங்க சார். அதுக்கு மேல வேண்டாம். மெதுவா இறக்குங்க" என்றார்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் இதை 'ஆல்தேர்' என்போம். பழைய கிரேக்கர்கள் நீளம் தாண்டும்போது கையில் பிடித்த எடையின் பெயர் அது. ஆங்கிலப் பெயரோ, சத்தமில்லாத மணி!

இந்தக் கையெடைக்கு நம் நாட்டில் பேர் வாங்கிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் யூஜின் சாண்டோ. 1904-05இல் இந்தியாவைச் சுற்றி வந்தார். அவர் பெயர் இங்கே பட்டமாகவே ஆகிவிட்டது. சாண்டோ சின்னப்பா தேவரை நமக்குத் தெரியாதா?

எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில், கே. வி. ஐயர் ஹெர்குலஸ் ஜிம்னேசியம் நடத்தினார். தபாலிலும் பாடம் அனுப்பினார். எடை தூக்குவதோடு சூரிய நமஸ்காரத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவர். 1930இல் 'மஸில் கல்ட்' எழுதிய அதே கைதான் கன்னடத்தில் 'சாந்தலா' நாவலையும் எழுதியது. (எனக்கு அதுதான் ஆச்சரியம்.)

நான் தினமும் பத்துத் தடவை தூக்குகிறேன். முதல் வாரம் நாலிலேயே தோள் கெஞ்சியது. நேற்று ஈரத்துண்டை நானே கொடியில் போட்டேன். மகள் கவனிக்கவில்லை.