கடல் கடந்த நம் தாய்மாரும் மக்கட்பேறும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் மன்னர் வரலாறு எழுத நாம் விரும்பவில்லை. ஏடுகளில் இடம்பெறாத நம் தாய்மாரின் வரலாற்றையே எழுத முற்படுகிறோம். "ஏழைகளும் தாழ்த்தப்பட்டோரும் கணக்கின்றிப் பிள்ளை பெறுவார்கள், அது அவர்கள் பிறவிக்குணம்" என்னும் ஏச்சு இன்றும் நம் செவியில் விழுகிறது. இது மெய்தானா? கடல் கடந்து சென்ற நம் பெண்களின் வரலாறு விடை கூறும்.

ஜவ்வாது மலையைத் தன்னகத்தே கொண்டிருந்த பழைய வட ஆற்காடு மாவட்டம், அயல்நாட்டுத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதில் பெயர் பெற்றிருந்தது. 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து சுமார் 15,000 பேர் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கப்பலேறினர். அவர்களில் வட ஆற்காட்டார் பலர். நிலமற்ற ஆதிதிராவிடரும் அவர்களுள் அடங்குவர்.

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது அன்றைய அரசாங்க விதி. ஆணுக்கு நாட்கூலி ஒரு ஷில்லிங். பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அளந்து கொடுத்த வேலையை முடித்தாலன்றி அதுவும் முழுமையாகக் கிடைக்காது. கருவுற்றவள் கூலியை இழந்தாள். பெற்றவளோ பச்சிளங் குழந்தையை விட்டுவிட்டுக் கரும்புக்கு ஓடினாள். பிறந்த குழந்தைகள் சிலவே. அவற்றுள்ளும் முதலாண்டைத் தாண்டாமல் மடிந்தவை மிகுதி.

1920 சனவரி முதல் நாள் எஞ்சிய ஒப்பந்தங்கள் யாவும் நீக்கப்பட்டன. விடுதலை பெற்றவர்கள் குத்தகை நிலத்தில் குடும்பமாக வாழலாயினர். கரும்பு வயலில் ஒவ்வொரு பிள்ளையின் கையும் உதவிற்று. பெண்களுக்குப் பள்ளி அரிது; இளவயதுத் திருமணமோ வழக்கம். ஆகவே பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு நாற்பதைத் தாண்டியது. 1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியர் 1,20,414 பேர். பூர்வகுடிப் பிஜியர் 1,18,070 பேர். இந்தியர் பெருகுகின்றனரே என்ற அச்சக்குரல் அங்கே எழுந்தது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். சாது குப்புசாமி 1926இல் நிறுவிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் போன்ற அமைப்புகள் பள்ளிகளை வளர்த்தன. மருத்துவ வசதியால் குழந்தைச் சாவு குறைந்தது. பெண்களின் திருமண வயது உயர்ந்தது. 1960களில் குடும்பநலத் திட்டமும் வந்தது. பிறப்பு விகிதம் விரைந்து சரிந்தது. இன்று பிஜி இந்தியப் பெண்களின் பிள்ளைப்பேறு பூர்வகுடிப் பெண்களுடையதினும் குறைவு. பாட்டியும் பேத்தியும் ஒரே குருதிதானே! மாறியது குருதியன்று, வாழ்நிலையே.

இலங்கை மலையகமும் இதற்குச் சான்று. 2006-07 ஆய்வின்படி நாடு முழுவதும் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.3 குழந்தைகள், தோட்டப்பகுதியில் 2.5. ஆயினும் கருத்தடை அறுவைக்குப் பணம் கொடுத்து ஊக்குவித்த முறையும் அந்நாட்டில் இருந்தது. வறியவளுக்குப் பணத்தைக் காட்டிப் பெறும் இசைவு விடுதலையாகாது. பெறுவதும் நிறுத்துவதும் அவளே அறிந்து எடுக்கும் முடிவாக இருத்தல் வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார்; 1938இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் தீர்மானத்திற்கும் துணைநின்றார். தாயின் உடல்நலமும் தாயின் உரிமையும் அவருக்கு இரண்டல்ல.

நம் மலையடிவாரத்துக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவியின் பெயருக்கு நேரே வாரக்கணக்கில் வருகையின்மை தொடர்ந்தால், நம் நெஞ்சு பதைக்கிறது. விசாரித்தால், பெற்றோருடன் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டாள் என்பார்கள். அல்லது திருமணம் என்பார்கள். பதினெட்டு நிறையாத அவளும் விரைவில் தாயாவாள். பிஜிக் கரும்புத் தோட்டத்துக் கதை அங்கே மீண்டும் தொடங்குகிறது.

இளைஞர்களே! நம் இனத்தின் மீதான ஏச்சுக்கு வாயால் விடையிறுக்க வேண்டா. உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய ஒரு பெண்ணை மீண்டும் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். அதுவே இவ்வெள்ளி விழாவுக்கு நாம் செலுத்தும் மெய்யான காணிக்கையாகும்.