ஒரேயொரு வாய்ப்புக்காகக் காத்திருக்கும் வீரன்

1996 உலகக் கிண்ண கிரிக்கட் போட்டிகளின்போது இலங்கை ரசிகர்கள் மத்தியில் 'பிஞ்ச் ஹிட்டர்' என்ற சொல் பெரிதும் அடிபட்டது. முதல் 15 ஓவர்களில் எதிரணிப் பந்துவீச்சைச் சிதறடித்த சனத் ஜயசூரியவையும் ரொமேஷ் களுவிதாரணவையும் பலர் அவ்வாறே அழைத்தனர். ஆனால், அமெரிக்காவின் பேஸ்போல் விளையாட்டிலிருந்து இரவல் பெறப்பட்ட அச்சொல்லின் மூல அர்த்தம் வேறு. 'பிஞ்ச்' என்பது நெருக்கடி. நெருக்கடியான கட்டத்தில் இன்னொருவருக்குப் பதிலாக மட்டையேந்தி வருபவரே பிஞ்ச் ஹிட்டர்.

பதிலாள் இறங்கியதும் அவருக்கு இடம்விட்டவர் அந்த ஆட்டத்திற்குத் திரும்பவே முடியாது. பெரும்பாலும் அவ்வாறு விலக்கப்பட்டவர் பந்தெறிபவரே. பந்தெறிவதில் வல்லவர்கள் பொதுவாக அடிப்பதில் பலவீனர்கள். ஆனால் ஓர் ஓட்டத்திற்காக நல்ல பந்தெறிபவரை இழப்பதா என்ற கேள்வி முகாமையாளர்களைத் தொடர்ந்து வாட்டியது. மணிக்கணக்கில் ஆசனத்தில் அமர்ந்திருந்துவிட்டு, உடல் சூடேறாத நிலையில் வேகப்பந்தை எதிர்கொள்வது பதிலாளுக்கும் எளிதானதல்ல. அவ்வாறு இறங்கி 212 தடவைகள் வெற்றிகரமாக அடித்த லெனி ஹரிஸின் சாதனை அதனாலேயே மதிக்கப்படுகிறது.

இந்தப் பாத்திரத்தின் உச்சக்கட்டம் 1988 ஒக்டோபர் 15ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் அரங்கேறியது. உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஓக்லண்ட் அணியிடம் 3-4 என்ற கணக்கில் டொட்ஜர்ஸ் பின்தங்கியிருந்தது. இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் தோல்வி. தளத்தில் ஒரு வீரர் நின்றிருந்தார். இரு கால்களிலும் காயமடைந்து, ஆட்டத்தின் பெரும்பகுதியை உள்ளறையில் கழித்த கேர்க் கிப்சனை, பந்தெறிபவருக்குப் பதிலாக முகாமையாளர் டொமி லசோர்டா அனுப்பினார். எதிரே நின்றவர் அக்காலத்தில் ஆட்டங்களின் இறுதிக்கட்டத்தில் பந்தெறிவதில் தலைசிறந்தவரான டெனிஸ் எக்கர்ஸ்லி. கிப்சன் அடித்த பந்து வலதுபுற வேலியைத் தாண்டி ரசிகர்களிடையே விழுந்தது. 5-4 என டொட்ஜர்ஸ் வென்றது. நொண்டியபடியே தளங்களைச் சுற்றிவந்த கிப்சன், அத்தொடரில் அதன் பின்னர் மட்டையைத் தொடவில்லை. தொடரையும் அவரது அணி 4-1 எனக் கைப்பற்றியது.

பந்தெறிபவருக்காக அடிப்பதற்கென்றே ஒருவரை நியமிக்கும் முறையை அமெரிக்கன் லீக் 1973இல் ஏற்றது. நஷனல் லீக் நெடுங்காலம் மறுத்து, 2022இல் நிரந்தரமாக இணங்கியது. பதிலாட்டக்காரர் இன்றும் உண்டு. எனினும் பந்தெறிபவரை விலக்குவதா என்ற பழைய தர்மசங்கடம் மறைந்துவிட்டது. அதனோடு, கிப்சன் களமிறங்கிய அந்த வாசலும் அடைபட்டுவிட்டது.