மாண்ட்வி முதல் செட்டியார் தெரு வரை: நகரப் பிளேக்கின் இடமும் காலமும்

பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி, தானிய மண்டிகள் நிறைந்த பேட்டை. 1896 செப்டம்பரில் அங்கே கடும் காய்ச்சல் கண்டு, அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டி, ஒருவர் பின் ஒருவராக மக்கள் இறந்தனர். இது பிளேக் என்று அடையாளம் சொன்னவர், அந்தப் பகுதியில் வைத்தியம் பார்த்துவந்த கோவாக்காரரான மருத்துவர் அகாசியோ வியேகஸ். அடுத்த சில மாதங்களில் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஊரைவிட்டு வெளியேறினர். 1891 கணக்கெடுப்பில் 8.2 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1901இல் 7.76 லட்சமாகக் குறைந்திருந்தது.

பிளேக் நகரம் முழுவதும் சீராகப் பரவவில்லை. ஒரு தெருவில் ஒரு கட்டடம் காலியாகும். அடுத்த கட்டடத்தில் ஒன்றும் இருக்காது. பிறகு எங்கோ தள்ளியிருக்கும் இன்னொரு பேட்டையில் புதிய கொத்து முளைக்கும். இந்தக் கொத்துகளுக்குக் காரணம் என்ன என்ற கேள்விக்குச் சரியான விடை நிலைபெற ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. சாவுகளை இடவாரியாக மட்டும் பார்த்தவரை அதிகாரிகளுக்குத் தெரிந்தது ஏழ்மையும் அழுக்கும்தான். எலிச்சாவையும் மனிதச்சாவையும் நாள்வாரியாக அடுக்கிப் பார்த்த பிறகே நோயின் உண்மையான வழி புலப்பட்டது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் விளக்கம் சாக்கடையைக் குற்றவாளியாக்கியது. அழுகலிலிருந்து எழும் நச்சுக்காற்றே நோயைத் தருகிறது என்ற பழைய கருத்து அப்போதும் வலுவாக இருந்தது. யெர்சின் 1894இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டறிந்துவிட்ட பிறகும், அந்தக் கிருமி மண்ணிலும் சுவரிலும் ஈரத்திலும் தங்கியிருப்பதாகவே நம்பினர். கழிவுநீர்க் கால்வாய்களில் கடல்நீரும் கார்பாலிக் அமிலமும் பாய்ச்சப்பட்டன. வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெளிச்சம் வரட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். குடியிருக்கத் தகாதவை என்று முடிவுசெய்த வீடுகளின் சுவரில் 'யு.எச்.எச்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டன. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. நோயாளிகளைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும், ரயில் பயணிகளை நிறுத்திச் சோதிக்கவும் அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. அதற்கும் முன்பே, 1896 அக்டோபரில், ஆர்தர் சாலை மருத்துவமனையை ஆலைத் தொழிலாளர் கூட்டம் தாக்கியிருந்தது. அதை அறியாமையின் வெறி என்று எழுதிவைத்தனர் ஆட்சியாளர்கள். உறவினரைப் பிரித்துக் கொண்டுபோவது நோயைத் தடுக்கவில்லை என்பதை அந்தத் தொழிலாளர்கள் கண்ணெதிரே பார்த்திருந்தார்கள் என்பதையும் வரலாறு சொல்ல வேண்டும்.

1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை இதே நம்பிக்கையில்தான் நெரிசல் பேட்டைகளை இடித்து அகலச் சாலைகள் போட்டது. பின்னாளில் தமிழர்கள் குடியேறிப் பெயர்பெற்ற மாட்டுங்கா, இந்த அறக்கட்டளையின் தாதர்–மாட்டுங்கா திட்டத்தில் உருவான பகுதி. ஆனால் இடித்த வீடுகளுக்கு ஈடாக ஏழைகளுக்குப் போதிய வீடுகள் கட்டப்படவில்லை. வெளியேற்றப்பட்டவர்கள் பக்கத்துப் பேட்டைகளில் போய் நெருங்கினார்கள்.

எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது கடுவால், குமாவுன் மலைக்கிராமத்தாருக்கு வெகுகாலமாகத் தெரிந்த நடைமுறை. மாண்ட்வி கிடங்குகளிலும் மனிதர்களுக்கு முன்னால் எலிகள்தான் செத்தன. பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோண்ட் 1898இல் கராச்சியில் செய்த சோதனையில், செத்த எலியின் உடம்பிலிருந்து நோயை எடுத்துச் செல்வது தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். அப்போது இந்தியாவில் விசாரணை நடத்திய பிளேக் ஆணையம் அதை ஏற்கவில்லை. இந்தப் புறக்கணிப்புக்குக் கொடுத்த விலை பெரிது. 1907 ஒரே ஆண்டில் இந்தியாவில் பிளேக்கால் இறந்தோர் ஏறத்தாழ 13 லட்சம்.

சிமோண்ட் விட்ட இடத்திலிருந்து பம்பாயில் தொடர்ந்தவர் கிளென் லிஸ்டன். எலிகள் செத்த ஒரு குடியிருப்பில் மனிதர் உடம்பிலிருந்து தெள்ளுகளைப் பிடித்து ஆராய்ந்தார், கணிசமானவை எலித்தெள்ளுகள். எலி செத்ததும் பசித்த தெள்ளு மனிதரைத் தேடி வந்திருந்தது. 1905இல் பரேல் ஆய்வகத்தில் புதிய ஆய்வு ஆணையம் வேலையைத் தொடங்கியது. நகரமெங்கும் பிடித்த எலிகளும் செத்துக்கிடந்த எலிகளும், கிடைத்த இடக் குறிப்புடன் நாள்தோறும் அங்கே வந்தன. ஓராண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எலிகளை அறுத்துப் பார்த்து, நோயுள்ளவை எந்தக் கட்டடத்தில் எந்த நாளில் கிடைத்தன என்று குறித்தார்கள். மனிதச்சாவுகளையும் அதே வரைபடத்தில் ஏற்றினார்கள்.

அந்தப் பதிவுகள் ஒரு வரிசையைக் காட்டின. முதலில் சாக்கடையிலும் சந்துகளிலும் திரியும் பழுப்பெலி சாகிறது. சுமார் பத்து நாளில், தானியத்தோடும் மனிதரோடும் ஒண்டி வாழும் வீட்டெலி சாகிறது. அதற்கும் பத்துப் பதினான்கு நாள் கழித்து மனிதர் சாகிறார்கள். கொத்து ஏன் ஒரே கட்டடத்தோடு நின்றது என்பதற்கு வீட்டெலியின் குறுகிய நடமாட்டம் காரணம். திடீரென்று தொலைவில் முளைத்ததற்கு மூட்டையிலும் துணியிலும் பயணப்பட்ட தெள்ளு காரணம். நெறி கட்டும் பிளேக் நோயாளிக்கு அருகிலேயே இருந்து பணிவிடை செய்தவர்களுக்கு அந்த நோய் அரிதாகவே தொற்றியது என்ற பழைய புதிரும் இதனால் அவிழ்ந்தது.

பரேலில் செய்த ஒரு சோதனையைத் தனியே சொல்ல வேண்டும். பலவகைக் கூரைகளுடன் சிறு கொட்டகைகள் கட்டி அவற்றில் கினிப்பன்றிகளை விட்டார்கள். தெள்ளு இல்லாத கொட்டகையில், பிளேக் கண்ட விலங்குகளோடு நெருங்கிக் கிடந்தும் மற்றவை பிழைத்தன. நோயுற்ற தாயிடம் பால்குடித்த குட்டிகளுக்கும் நோய் வரவில்லை. தெள்ளு இருந்த கொட்டகையில், தரையில் ஓடியவை செத்தன. உயரத்தில் தொங்கவிட்ட கூண்டில் இருந்தவை தப்பின. அழுக்குத்தரை, நச்சுக்காற்று என்ற விளக்கங்கள் இதோடு தகர்ந்தன.

இடக்கணக்கின் இன்னொரு புதிர் தெற்கே இருந்தது. கோவையிலும் சேலத்திலும் பிளேக் ஆட்டிப்படைத்தது. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உண்டு. நெரிசலும் துறைமுகமும் இருந்தும் சென்னை நகரம் பெருமளவு தப்பியது. கொழும்பில் 1914இல் நுழைந்த பிளேக், அரிசிக் கிடங்குகள் நிறைந்த செட்டியார் தெரு, புறக்கோட்டைப் பகுதியிலேயே பெரிதும் சுற்றியது. கொழும்பு மாநகரின் நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹர்ஸ்ட் தெள்ளுகளை இனம்பிரித்துப் பார்த்தார். நகரின் பிற பகுதிகளில் பரவலாக இருந்தது செனோப்சில்லா ஆஸ்டியா. பிளேக்கைத் திறம்படக் கடத்தும் செனோப்சில்லா கியோபிஸ் தானியப் பேட்டையில்தான் இருந்தது. சென்னையிலும் ஆஸ்டியாவே மிகுதி. இரண்டு நகரங்களின் தலைவிதியைப் பெருமளவு தீர்மானித்தது, வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரு தெள்ளினங்களின் வேறுபாடு.

தெள்ளின் பங்கு நிறுவப்படும் முன் எழுதிய 1897ஆம் ஆண்டுச் சட்டத்தையே 2020இலும் மாநிலங்கள் கையில் எடுத்தன. சட்டம் நீடித்த அளவுக்கு, பரேல் ஆய்வாளர்களின் முறை நம்மிடம் வேரூன்றவில்லை. அவர்களுடைய அறிக்கைகள் 'ஜர்னல் ஆஃப் ஹைஜீன்' இதழ்த் தொகுதிகளில் இருக்கின்றன. சென்னை, கோவை நகராட்சிகளின் பழைய சுகாதார அறிக்கைகளையும் அதே கண்ணோடு, தெருவாரியாகவும் நாள்வாரியாகவும் வாசிக்க வேண்டும். தமிழ் ஆய்வு மாணவர்கள் இந்த வேலையை எடுத்துக்கொள்ள முன்வர வேண்டும்.