மீறலை எண்ணுவது யார்? புத்ராஜெயா போர்நிறுத்தமும் தாய்லாந்து–கம்போடிய எல்லையும்

2025 ஜூலை 28ஆம் நாள் புத்ராஜெயாவில், ஆசியான் தலைவர் என்ற முறையில் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் முன்னிலை வகிக்க, தாய்லாந்தின் தற்காலிகப் பிரதமர் பும்தாம் வெச்சாயாச்சாயும் கம்போடியப் பிரதமர் ஹுன் மானெட்டும் நிபந்தனையற்ற போர்நிறுத்தத்துக்கு உடன்பட்டனர். அதற்கு முந்தைய ஐந்து நாள் சண்டையில் குறைந்தது 40 பேர் இறந்திருந்தனர். இரு பக்கமுமாக மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேறியிருந்தனர். அன்று நள்ளிரவில் உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் காலையிலேயே கம்போடியப் படையினர் அதை மீறிவிட்டதாகத் தாய்லாந்து இராணுவம் அறிவித்தது; கம்போடியா மறுத்தது. அக்டோபர் 26 அன்று கோலாலம்பூர் ஆசியான் உச்சநிலை மாநாட்டில், அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் சாட்சியாக நிற்க, விரிவான கூட்டுப் பிரகடனம் ஒன்று கையெழுத்தானது. நவம்பர் 10 அன்று கண்ணிவெடி ஒன்றில் தாய்லாந்து வீரர்கள் காயமுற்றதும் அந்நாடு பிரகடனத்தைச் செயல்படுத்துவதை நிறுத்திவைத்தது. டிசம்பர் 8 அன்று மீண்டும் வான்தாக்குதல் தொடங்கியது. டிசம்பர் 27 அன்று இரண்டாவது போர்நிறுத்தம் வந்தது. ஐந்தே மாதங்களில் இத்தனை ஏற்ற இறக்கம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: இரு நாட்டுத் தேசியவாதம், தாய்லாந்து இராணுவத்தின் தனிப்போக்கு, தாய்லாந்தின் ஷினவாத்ரா குடும்பத்துக்கும் கம்போடியாவின் ஹுன் குடும்பத்துக்கும் இடையே முறிந்த உறவு. மூன்றும் உண்மையே. ஆனால் அவை மீற வேண்டும் என்ற விருப்பத்தைத்தான் விளக்குகின்றன. எழுந்த குற்றச்சாட்டுகளில் ஏறத்தாழ எதுவுமே இரு தரப்பும் ஏற்கும் முடிவை எட்டாமல் போனது ஏன் என்பதை அவை விளக்கவில்லை. இக்கட்டுரையின் வாதம் இதுதான்: துப்பாக்கிச் சூடு ஒரு நிகழ்ச்சி, போர்நிறுத்த மீறல் என்பதோ ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு இரு தரப்பும் ஏற்ற ஒரு கோடு வேண்டும், இரு தரப்பும் ஏற்ற படை நிலை வேண்டும், இரு தரப்பும் ஏற்ற ஒரு சாட்சி வேண்டும். மலேசியா நடுநின்று உருவாக்கிய உடன்பாடுகள் படை நிலையைப் பற்றி நிறையப் பேசின. கோட்டை ஒத்திவைத்தன; சாட்சியைப் பலவீனமாக அமைத்தன. அதனால் ஒவ்வொரு குற்றச்சாட்டும் விசாரணைக்குப் போகாமல் நேரே பதிலடிக்குப் போயிற்று.

கோடு இல்லாத எல்லை

ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த எல்லை, பிரெஞ்சுக் காலனிய அரசும் சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசும் 1904, 1907 ஆண்டுகளில் செய்த உடன்பாடுகளின் விளைவு. 1904 உடன்பாடு டாங்ரெக் மலைத்தொடரில் நீர்பிரி முகட்டையே எல்லையாக வகுத்தது. பின்னர் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த வரைபடமோ பிரியா விகார் கோவிலைக் கம்போடியப் பக்கம் வைத்தது. 1962 ஜூன் 15 அன்று அனைத்துலக நீதிமன்றம், அந்த வரைபடத்தைச் சயாம் நெடுங்காலம் மறுக்காமல் ஏற்று நடந்ததைக் காரணம் காட்டி, கோவில் கம்போடியாவுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. 2013இல் அதே நீதிமன்றம் கோவில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவுக்குரியது என விளக்கம் தந்தது. ஆனால் எல்லையின் மற்றப் பகுதிகளுக்கு அந்தத் தீர்ப்பு விடை சொல்லவில்லை. கம்போடியா பிரெஞ்சுக்காரர்களின் 1:200,000 அளவு வரைபடத்தை நம்புகிறது. தாய்லாந்து தன் 1:50,000 அளவு வரைபடத்தை முன்வைக்கிறது. 2000ஆம் ஆண்டுப் புரிந்துணர்வு உடன்படிக்கையின்படி இயங்கும் கூட்டு எல்லைக் குழு கால் நூற்றாண்டாகியும் பணியை முடிக்கவில்லை. மேற்குப் பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடப்பட்ட 73 எல்லைத் தூண்களில் பலவற்றின் சரியான இடம் இன்னும் விவாதத்தில் உள்ளது. சண்டை மூண்ட கிழக்கு டாங்ரெக் பகுதியில் தூண்களே கிடையாது.

இதன் விளைவை ஒரே நிகழ்ச்சியில் காணலாம். ஜூலை 29 காலை, போர்நிறுத்தம் தொடங்கிச் சில மணி நேரத்தில், 20 கம்போடிய வீரர்களைத் தாய்லாந்துப் படை பிடித்தது. அவர்கள் எல்லை தாண்டி வந்தார்கள் என்றது தாய்லாந்து. சண்டை ஓய்ந்ததும் எதிர்த்தரப்பினரிடம் நட்போடு பேசப் போனவர்களைப் பிடித்துவிட்டார்கள் என்றது கம்போடியா. ஒரு கணக்கில் அது கம்போடியாவின் மீறல்; மறு கணக்கில் தாய்லாந்தின் மீறல். காயமுற்ற இருவரைத் தவிர, எஞ்சிய 18 பேர் டிசம்பர் 31 வரை சிறையிலேயே இருந்தனர். ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் அவர்கள் பேரப் பொருளானார்கள். கம்போடியர்கள் பிரே சான் என்றும் தாய்லாந்தினர் பான் நோங் யா கேவ் என்றும் அழைக்கும் சிற்றூரில் முள்வேலி போடுவது ஒரு தரப்புக்குத் தற்காப்பு, மறு தரப்புக்கு ஆக்கிரமிப்பு. அளவுக்கல் நடாத வயலில் வரப்பை வெட்டியவர் யார் என்று பஞ்சாயத்தார் தீர்ப்புச் சொல்ல முடியாது. கல் எங்கே என்பதுதான் அங்கே முதல் வழக்கு.

இரண்டு பக்கம், இரண்டு சாட்சி

கோட்டைத் தீர்மானிக்க ஆண்டுகள் ஆகும் என்றால், அதுவரை நடுநிலைச் சாட்சியின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. ஆகஸ்ட் 7 அன்று கோலாலம்பூரில் கூடிய இரு நாடுகளின் பொது எல்லைக் குழு, 13 அம்ச உடன்பாட்டின் மூலம் மலேசியா தலைமையில் ஆசியான் பார்வையாளர் குழுவுக்கு வழி வகுத்தது. தொடக்கத்தில் ஆசியான் நாடுகளின் தற்காப்புத் துறைத் தூதரக அதிகாரிகள் இடைக்காலக் குழுவாக இயங்கினர். ஆனால் தாய்லாந்தில் ஒரு குழு, கம்போடியாவில் ஒரு குழு என அது பிரிந்தே நின்றது. ஒரு பக்கத்துக் குழு எல்லையைக் கடந்து மறுபக்கம் பார்க்க இடமில்லை. அந்தந்த நாட்டு இராணுவம் அழைத்துச் செல்லும் இடத்துக்குச் சென்று, அது காட்டுவதைக் காணும் நிலையே பெரும்பாலும் இருந்தது. இரு குழுக்களின் பதிவுகளையும் சேர்த்து, இன்ன நிகழ்ச்சிக்கு இன்னார் பொறுப்பு என்று வெளிப்படையாகச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் தெளிவாகத் தரப்படவில்லை.

இந்தக் குறை கண்ணிவெடிகளில் கண்கூடாயிற்று. ஜூலையில் தாய்லாந்து வீரர்கள் மிதித்த வெடிகள் சண்டைக்கே தூண்டுகோலாயின. ஆகஸ்டிலும் நவம்பரிலும் அதே நிகழ்ந்தது. அவை புதிதாகப் புதைக்கப்பட்டவை என்றது தாய்லாந்து. உள்நாட்டுப் போரின் எச்சம் என்றது கம்போடியா. 1980களில் வியட்நாம் ஆதரவு பெற்ற அன்றைய கம்போடிய அரசு கே5 திட்டத்தின் கீழ் இதே எல்லையில் நீண்ட கண்ணிவெடிப் பட்டை அமைத்ததால், கம்போடியாவின் விளக்கத்தை அடியோடு தள்ளிவிட முடியாது. சில வெடிகள் அண்மையில் புதைக்கப்பட்டவை என்ற சந்தேகத்தையும் எளிதில் ஒதுக்க முடியாது. மண்ணின் நிலை, உறையின் துரு, வெடி இருந்த ஆழம் ஆகியவற்றைக் கொண்டு பதில் காணக்கூடிய கேள்வி இது. இரு நாடுகளும் கண்ணிவெடித் தடை ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தவை என்பதால் அதைக் கேட்கச் சட்ட அடிப்படையும் உண்டு. இரு தரப்பும் ஒரே இடத்தில் நின்று ஆய்ந்து ஒரே அறிக்கையில் கையெழுத்திடும் நடைமுறை இருந்திருந்தால், நவம்பர் 10 நிகழ்ச்சி பிரகடனத்தை முடக்கும் காரணமாக ஆவது கடினமாகியிருக்கும்.

வேறு எல்லைகள் தரும் சான்று

இதை மலேசியா அறியாததல்ல. மிண்டனாவோவில் பிலிப்பீன்ஸ் அரசுக்கும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் இடையிலான போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க 2004 அக்டோபர் முதல் அனைத்துலகக் கண்காணிப்புக் குழு மலேசியாவின் தலைமையில்தான் இயங்கியது. அங்கே இரு தரப்பும் தத்தம் போர்நிறுத்த ஒருங்கிணைப்புக் குழுக்களை வைத்திருந்தன; மோதல் நிகழ்ந்த இடத்துக்கு மூன்று தரப்பும் செல்ல வழி இருந்தது. 2008இல் நிலப்பரப்பு உடன்பாடு பிலிப்பீன்ஸ் உச்ச நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டுப் போர் மீண்டும் வெடித்தபோதும் அந்த அமைப்பின் பயன் மறக்கப்படவில்லை. இடையில் விலகியிருந்த மலேசியக் குழு 2010இல் திரும்பியது. 2014 மார்ச்சில் முழு அமைதி உடன்பாடு கையெழுத்தானது. நேர்மாறான உதாரணமும் ஆசியானிலேயே உண்டு. 2011இல் பிரியா விகார் மோதலின்போது அன்றைய தலைமை நாடான இந்தோனேசியா பார்வையாளர்களை அனுப்ப முன்வந்தது. தாய்லாந்து இராணுவத்தின் தயக்கத்தால் அவர்கள் களம் இறங்கவேயில்லை.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான சான்று இலங்கையினுடையது. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான 2002 பிப்ரவரி 22 போர்நிறுத்த ஒப்பந்தம் நார்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழுவை உருவாக்கியது. முறைப்பாடு பெற்று, விசாரித்து, மீறல்தானா எனத் தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. 2007 ஏப்ரல் வரை அது புலிகள்மீது 3,830 மீறல்களையும் அரசுமீது 351 மீறல்களையும் பதிவு செய்தது. இந்த எண்கள் ஒரு பாடத்தையும் ஓர் எச்சரிக்கையையும் தருகின்றன. தீர்ப்புச் சொல்லும் சாட்சி சாத்தியம் என்பது பாடம். எண்ணிக்கை மட்டும் போதாது என்பது எச்சரிக்கை: சிறார் சேர்ப்பையும், வீதிச் சோதனையில் நேர்ந்த துன்புறுத்தலையும், படுகொலையையும் ஒவ்வொன்றாகக் கூட்டினால் கிடைக்கும் தொகை எதன் கனத்தையும் காட்டாது. ஆயினும் 2006 ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் கொல்லப்பட்டபோது, அரசுப் படைகளே பொறுப்பு என்று அக்குழு வெளிப்படையாகச் சொன்னது. ஒப்பந்தம் 2008 ஜனவரியில் முடிந்தது. ஆனால் மூதூர் பற்றி அக்குழு சொன்ன தீர்ப்பு இன்றும் பொறுப்புக்கூறல் பற்றிய விவாதங்களில் ஆவணமாக நிற்கிறது.

மறுப்புகள்

முதல் மறுப்பு இலங்கையிலிருந்தே எழும்: அத்தனை பதிவு செய்தும் போர் நிற்கவில்லையே? உண்மைதான். கண்காணிப்பு போரைத் தடுக்கும் மருந்தென்று இக்கட்டுரை சொல்லவில்லை. போரை விரும்பும் தரப்பை எந்தப் பார்வையாளரும் தடுக்க முடியாது. ஆனால் தாய்லாந்திலும் கம்போடியாவிலும் 2025இல் இருந்த நிலை வேறு. வணிகமும் தொழிலாளர் போக்குவரத்தும் எல்லைக் கடவுகளை நம்பியிருந்தன. முழுப் போர் இரு அரசுகளுக்கும் பெருஞ்சுமை. அத்தகைய இடத்தில் ஒரு நிகழ்ச்சியின் உண்மையை விரைவாகச் சொல்லும் சாட்சி, பின்வாங்க விரும்பும் தலைவருக்குத் தம் மக்கள்முன் காட்ட ஒரு காரணத்தைத் தருகிறது. அப்படி ஒன்று இல்லாதபோது அவர் கையில் மிஞ்சுவது தம் இராணுவத்தின் அறிக்கை மட்டுமே.

இரண்டாவது மறுப்பு இந்தியா–பாகிஸ்தான் எல்லையைக் காட்டும். 2020இல் மட்டும் 5,133 மீறல்கள் நடந்ததாக இந்தியா கூறியது. பாகிஸ்தான் இந்தியாமீது மூவாயிரத்துக்கு மேல் சுமத்தியது. 2021 பிப்ரவரி 25 அன்று இரு இராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களும் கூட்டறிக்கை விட்டதும் சூடு ஏறக்குறைய ஓய்ந்தது. ஐ.நா.வின் இராணுவப் பார்வையாளர் குழுவுக்கு அதில் பங்கில்லை. 1972 சிம்லா உடன்படிக்கைக்குப் பின் அதன் பணி முடிந்துவிட்டதாகவே இந்தியா கருதுகிறது. அப்படியானால் சாட்சி எதற்கு? இந்த உதாரணம் நம் வாதத்தை வலுவாக்கவே செய்கிறது. காஷ்மீரின் இறுதி உரிமை தீராவிட்டாலும், கட்டுப்பாட்டுக் கோடு எங்கே ஓடுகிறது என்பது 1972 டிசம்பரில் இரு இராணுவங்களும் கையெழுத்திட்ட வரைபடங்களில் இருக்கிறது. கோடு தெளிவாக இருக்கும் இடத்தில் தொலைபேசித் தொடர்பே சாட்சியின் வேலையில் பாதியைச் செய்துவிடும். டாங்ரெக் மலையில் அப்படி ஒரு வரைபடம் இல்லை. மேலும், 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பொதுச் சாட்சி இல்லாதபோது அந்த நான்கு ஆண்டு அமைதியும் சில நாட்களில் குலைந்தது.

மூன்றாவது மறுப்பு ஆசியானின் இயல்பைப் பற்றியது: உறுப்பு நாட்டைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது இந்த அமைப்பின் நெறிக்கு ஒவ்வாது, உள்விவகாரத்தில் தலையிடாமையே அதன் அடித்தளம். கனமான மறுப்புதான். ஆனால் 1976 பாலி நட்புறவு உடன்படிக்கையே தகராறுகளைக் கவனிக்க உயர் மன்றம் ஒன்றை ஏற்படுத்தியது. அதை இதுவரை யாரும் கூட்டவில்லை. இரு உறுப்பு நாடுகள் ஒன்றன்மீது ஒன்று குண்டு வீசும்போது அது எந்த நாட்டின் உள்விவகாரமும் ஆகாது. பெயர் சொல்ல மறுக்கும் மௌனமும் நடுநிலை ஆகிவிடாது: எஃப்-16 போர் விமானங்கள் உள்ள தரப்புக்கும், அவை இல்லாத தரப்புக்கும் அந்த மௌனம் ஒரே பலனைத் தருவதில்லை.

மலேசியாவின் கடமை

டிசம்பர் 27 உடன்பாடு படைகளை அன்று நின்ற இடத்திலேயே நிறுத்தியது. எல்லை வரையறைக்கு அது பாதகமாகாது என்றும் சொன்னது. அதனால் அன்றைய நிலையே நாளைய எல்லையாகிவிடுமோ என்ற அச்சம் கம்போடியாவுக்கு எழுந்தது. இந்த அச்சமே அடுத்த மீறலுக்கான வித்து. 2026 ஜனவரி 1 அன்று ஆசியான் தலைமை பிலிப்பீன்ஸுக்கு மாறிவிட்டது. ஆண்டுதோறும் மாறும் தலைமையின் தோளில் கண்காணிப்பை ஏற்றுவது தொடர்ச்சியைக் கெடுக்கும். எனவே தேவைப்படுபவை இவை: ஆசியானின் ஜாகர்த்தா செயலகத்தில் நிலையான கண்காணிப்புப் பிரிவு. எல்லையின் இரு பக்கமும் நடமாடும் ஒரே கூட்டுக் குழு. கண்ணிவெடிக்கென ஒப்புக்கொண்ட தடயவியல் நடைமுறை. மீறல்களைக் கனத்தின்படி தரம் பிரித்துக் குறித்த நாளுக்குள் வெளியிடும் அறிக்கை. இந்த நான்கும் புதுக் கண்டுபிடிப்புகள் அல்ல. மிண்டனாவோவிலும் இலங்கையிலும் இவற்றின் கூறுகள் செயல்பட்டிருக்கின்றன. அனைத்துலக நீதிமன்றத்தில் சிப்பாடான்–லிகித்தான் தீவுகளை 2002இல் வென்று, பத்து பூத்தேவை 2008இல் இழந்து, இரு தீர்ப்புகளையும் ஏற்ற நாடு மலேசியா. அண்டை நாடுகளிடம் நடுநிலைப் பதிவை ஏற்கும்படி கேட்கும் தகுதி அதற்கு உண்டு. புத்ராஜெயாவிலும் கோலாலம்பூரிலும் நடந்த கையெழுத்துகள் உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் நடுவராக மலேசியா ஆற்றிய பணியின் மதிப்பை, அந்த மேசையில் எத்தனை தலைவர்கள் அமர்ந்தார்கள் என்பதைக் கொண்டு அளக்க முடியாது. அடுத்த குண்டு வெடிக்கும்போது இரு தலைநகரங்களும் மறுக்க முடியாத ஓர் அறிக்கையை எழுத ஆள் இருக்கிறதா என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.